பதினேழாம் நம்பர் பைன் மரம்

பக்ருன்னிசா எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்து வந்தபோது கோட்டைமேட்டில் அவர்கள் தெருவில் அந்த அளவு படித்தவர் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. அவளுடைய அத்தா கரீம் உக்கடம் போகிற வழியில் மெத்தைக் கடை வைத்திருந்தார். பஞ்சை அடித்து உதறி மெத்தையும் தலையணையும் தைத்துக் கொடுக்கிற கடை. மகள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பவர்களிடம், "செடி கொடிப் படிப்புங்க" என்பார். அதற்கு என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று அடுத்த கேள்வி வந்தால் மட்டும் பஞ்சுப் பொதியின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

1991-ல் அதற்கும் பதில் வந்தது. ஊரின் மேற்கு ஓரத்தில் இருந்த ஒரு மர ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. நிரந்தர வேலை இல்லை, திட்டம் நடக்கும் வரைதான். ஆனால் அதே வேலையைக் கொண்டு பிஎச்.டி.க்குப் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். கரீம் அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார்.

திட்டம் டாக்டர் சுந்தரராஜுலுவுடையது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், உடுமலைப்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். வாழ்நாள் முழுக்க மரங்களை அளந்து கழித்தவர். கோத்தகிரிக்கு மேலே, காகிதக் கூழுக்கு என்று அரசாங்கம் முன்பு நட்டு வளர்த்த பைன் காடு ஒன்று உண்டு. அந்தக் காட்டில் அவர் பல வருஷம் அலைந்து ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அதன் மேல் மஞ்சள் பெயிண்டில் 17 என்று எழுதியிருக்கும். முப்பது வயதுக்கு மேல் ஆன மரம். சுற்றி நின்றவை எல்லாம் கோணலும் கிளையுமாக இருக்க, இது மட்டும் தூண் மாதிரி நேரே ஏறியிருந்தது. பிசினும் மற்றவற்றைவிட அதிகம்.

"விதை போட்டாப் பிள்ளைதாம்மா வரும். பிள்ளை தாய் மாதிரியே இருக்கணும்னு இருக்கா? எனக்கு அந்த மரமே வேணும். அதே மரம், ஆயிரக்கணக்குல" என்று முதல் நாளே அவளிடம் சொன்னார்.

வழி என்னவோ சொல்வதற்கு எளிது. மரத்தின் நுனியிலிருந்து மொட்டை எடுத்து, கிருமி போகக் கழுவி, கண்ணாடிக் குழாயில் சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழின் மேல் வைக்க வேண்டும். மொட்டு துளிர்த்தால் துளிரை வெட்டிப் பெருக்கலாம். துளிர் வேர் விட்டால் மண்ணுக்கு மாற்றலாம். வாழையை அப்படித்தான் அந்தக் காலத்தில் லட்சம் லட்சமாகப் பெருக்கத் தொடங்கியிருந்தார்கள். பைன் மரம் அப்படியல்ல. கன்றாக இருக்கும்போது அதன் துளிர் வேர் விடும். வயதான பிறகு விடாது. எந்த வயதில் அந்தச் சக்தி போகிறது, எதனால் போகிறது என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. வெளிநாடுகளில் முயன்றவர்களில் பலர் பாதியில் விட்டிருந்தார்கள். ஒட்டுக் கட்டலாம், ஆனால் அதில் கைக்கு நாலு கன்றுதான் தேறும். காடு நட அது போதாது. இதையெல்லாம் டாக்டர் அவளிடம் மறைக்கவில்லை. முடிந்தால் இந்தியாவிலேயே முதலாவது நாமாக இருப்போம் என்பதையும் சொன்னார். இருபத்துநாலு வயதுப் பெண்ணின் காதில் அந்தக் கடைசி வாக்கியம்தான் தங்கியது.

சோதனைச்சாலையில் அவளுக்குத் துணை சாராள். போத்தனூர்க்காரி, நாற்பது வயது, குழாய்கள் கழுவி, கூழ் காய்ச்சி, கொதிகலனில் வைத்து எடுக்கிற வேலை. வளர்ப்பு அறையின் கதவைத் திறக்கும் முன் உதடு மட்டும் அசைய ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் திறப்பாள். குழாய்களின் வாயை அடைக்கப் பஞ்சு வேண்டும். மருந்துக்கடைப் பஞ்சு ஈரத்தைக் குடித்துவிடும், மெத்தைக்குப் போடுகிற பஞ்சுதான் சரி. ஸ்டோரில் கேட்டால் வரும் வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் நிசா அத்தாவின் கடையிலிருந்தே கொண்டுபோனாள். பிறகு கரீமே மாலை நேரத்தில் கடையில் உட்கார்ந்து, விரல் கனத்துக்கு இறுக்கமாக அடைப்புகள் உருட்டி, துணிப்பையில் கட்டிவைக்க ஆரம்பித்தார்.

முதல் வருஷம் பூஞ்சணத்திலேயே போயிற்று. வனக்காவலர் ஒருவர் மரமேறி நுனிகளை வெட்டிப் போடுவார். ஈரத் துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து, மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ்ஸில் இறங்கி வந்து அன்றைக்கே மொட்டு வைப்பாள். எவ்வளவு மருந்தில் கழுவினாலும் ஒரு வாரத்தில் குழாய்க்குள் சாம்பல் நிறத்தில் நூல் பிரியும். பூஞ்சணம் மொட்டின் வெளியில் இல்லை, உள்ளேயே குடியிருந்தது. தப்பிய மொட்டுகள் வேறு விதமாகச் செத்தன. வெட்டிய இடத்திலிருந்து பழுப்புச் சாறு கசிந்து, கூழ் டீத்தூள் போட்டது போல ஆகி, அதிலேயே மொட்டு கறுத்துவிடும். சாற்றை உறிஞ்சட்டும் என்று கூழில் கரியைக் கலந்து பார்த்தாள். கூழை மாற்றினாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சாராள் செத்த குழாய்களைக் கூடை கூடையாகக் கழுவப் போடுவாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்று போவார்.

வீட்டில் கரீம் தினமும் கேட்பது ஒன்றுதான். சாப்பிட உட்காரும்போது, "வேர் உட்டுதா கண்ணு?" என்பார். இன்னும் துளிரே வரவில்லை என்று அவள் சொல்வாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

இரண்டாம் வருஷம் பிப்ரவரியில், மரம் துளிர்ப்பதற்குச் சற்று முன்பு எடுத்த மொட்டுகள் சுத்தமாக நின்றன. மார்ச்சில் ஊசி இலைகளின் இடுக்கிலிருந்து பச்சையாகத் துளிர் எழும்பியது. ஒன்று இரண்டல்ல, அலமாரியின் ஒரு தட்டு முழுவதும். டாக்டர் வெகு நேரம் அந்தத் தட்டின் முன்னால் நின்றார். நிசாவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. துளிர் வந்துவிட்டது, இனி வேர்தானே என்று நினைத்தாள்.

வேர் வரவில்லை. வேர்விடத் தூண்டும் மருந்தைக் குறைத்தாள், கூட்டினாள், இருட்டில் வைத்தாள், குளிரில் வைத்தாள். துளிரின் அடியில் வெள்ளையாக ஒரு கட்டி திரளும். இதோ என்று காத்திருந்தால் அது பழுத்து, கறுத்து, துளிரோடு சேர்ந்து போய்விடும். பக்கத்து அலமாரியில் விதைத் துளிர்கள் இருந்தன. அதே பதினேழாம் நம்பர் மரத்தின் காய்களிலிருந்து விதை எடுத்து முளைக்க வைத்தவை. கூழ் சரியாக இருக்கிறதா என்று ஒத்துப்பார்க்க அவற்றை வளர்த்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் பதினைந்து இருபது நாளில் வேர் விட்டுக்கொண்டு நின்றன. ஒரே கூழ், ஒரே வெளிச்சம். ஒன்று தாய், ஒன்று பிள்ளை. பிள்ளைக்குச் சுலபமாக வருவது தாய்க்கு வரவே இல்லை.

அந்த வருஷம்தான் திருப்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பனியன் கம்பெனி வைத்திருந்த குடும்பம், பையன் பி.காம். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, வேலையைப் பிடிக்கவில்லை. நிக்காஹ் முடிந்ததும் நின்றுவிட வேண்டும் என்றார்கள். அம்மா ஆமினா பீவி சரி என்று சொல்லத் தயாராக இருந்தாள். நிசா அடுப்படியில் நின்று அத்தாவைப் பார்த்தாள். அவர் அவளிடம் ஒன்றும் கேட்காமல் வந்தவர்களிடம் திரும்பி, "புள்ளைக்கு ஒரு வேலை பாதில நிக்குதுங்க. அது முடியட்டுங்க" என்றார். அவர்கள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய், நாலு மாதத்தில் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அடுத்து பாலக்காட்டிலிருந்து ஒன்று வந்தது. அதுவும் அப்படியே. அதற்குப் பிறகு தரகர் அந்தத் தெருப் பக்கம் வருவது குறைந்தது. ஆமினா பீவி கணவரிடம் சண்டை போட்டாள். அவர் இருமியபடி கேட்டுக்கொண்டிருந்தார். வாலிபத்திலிருந்து பஞ்சுத் தூசியில் இருந்த நெஞ்சு அது. அந்த வருஷத்திலிருந்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

1994 மே மாதம், வெயில் உச்சத்தில் இருந்தபோது, வளர்ப்பு அறையின் ஏசி நின்றுபோனது. பழுது பார்க்கிறவன் வர மூன்று நாளாகும் என்றார்கள். அறைக்குள் அனல் ஏறியது. நிசாவும் சாராளும் ஓடி ஓடி, தட்டுத் தட்டாகக் குழாய்களைத் தூக்கி, வேறு துறையினரின் குளிர் அறையில் கிடைத்த இடத்தில் எல்லாம் வைத்தார்கள். சூட்டிலிருந்து குளிருக்குப் போனதும் கண்ணாடியின் மேல் ஈரம் பூத்தது. பேனாவால் எழுதியிருந்த எண்கள் சில குழாய்களில் கரைந்து வழிந்தன. ஏசி சரியானதும் திரும்பக் கொண்டுவந்து, எது எங்கே இருந்தது என்று தட்டின் வரிசையை நினைவுபடுத்தி, அழிந்த எண்களை நிசா மறுபடி எழுதினாள். அப்போது அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. தன் தட்டு தனக்குத் தெரியாதா என்று இருந்தது.

ஜூலையில் ஒரு காலை சாராள் வளர்ப்பு அறையிலிருந்து வேகமாக வெளியே வந்து, "அம்மணி, இங்க வந்து பாரு" என்றாள். குரலில் என்னவோ இருந்தது. நிசா போனாள். பதினேழாம் நம்பர் மரத்தின் தட்டில், ஒரு குழாயில், கூழுக்குள் மூன்று வேர்கள் இறங்கியிருந்தன. வெள்ளை வெளேரென்று, நூல் கனத்தில். நிசா குழாயைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். சாராள் அதை வாங்கித் தட்டில் திரும்ப வைத்தாள்.

டாக்டர் சுந்தரராஜுலு அன்றைக்கு அலுவலக வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். துளிரின் இலைகள் ஒற்றை ஒற்றையாக, மெத்தென்று, கன்றின் இலை போல இருந்தன. பெரிய மரத்தில் இலை மூன்று மூன்றாகக் கட்டு சேர்ந்திருக்கும். அவர் அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார். கிழ மரம் கண்ணாடிக்குள் மறுபடி குழந்தையாகிவிட்டது, வயது திரும்பிவிட்டது, அதனால்தான் வேர் வந்தது என்றார். நிசாவும் நம்பினாள். மற்றக் குழாய்களிலும் துளிர்கள் ஏறக்குறைய அப்படித்தான் இருந்ததால் நம்பாமலிருக்கக் காரணமும் இருக்கவில்லை.

கரீம் அதைப் பார்க்க வேண்டும் என்றார். எதையும் வேண்டும் என்று கேட்கிற மனிதரில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, ஆட்டோவில் வந்து இறங்கினார். படியேற நேரமாயிற்று. சாராள் நாற்காலி போட்டாள். நிசா குழாயைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். வாயில் அவர் உருட்டிய அடைப்பு இருந்தது. அவர் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"இதுக்குத்தானா கண்ணு இத்தனை வருசம்?"

"ஆமாங்கத்தா."

"பஞ்சாட்ட வெள்ளையா இருக்குது" என்றார். பிறகு, தொட்டால் கெட்டுவிடுமோ என்பது போல மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். போகும்போது டாக்டரைப் பார்த்து, "புள்ளை பாடுபட்டது வீண் போகலைங்க" என்று கும்பிட்டார். டாக்டரும் எழுந்து நின்று கும்பிட்டார்.

அடுத்த ஜனவரியில் கரீம் இறந்தார். காலையில் கடைக்குப் போகச் சட்டை மாட்டும்போது மூச்சு முட்டி உட்கார்ந்தவர் எழவில்லை. அதற்கு முந்தின வாரம் வரை வந்தவர் போனவரிடம் எல்லாம் மகள் வேர் விட வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடையை வேறொருவர் எடுத்துச் செருப்புக் கடை ஆக்கினார்.

டாக்டர் அந்தச் செடியைப் பற்றி வடக்கே ஒரு மாநாட்டில் பேசினார். நிசாவையும் மேடைக்கு அழைத்து அறிமுகப்படுத்தினார். திட்டத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். செடியை மண்ணுக்கு மாற்றி, பழகவைத்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு நாற்றங்காலில் கூண்டு கட்டி வளர்த்தார்கள். நிசாவுக்கு இருந்த வேலை ஒன்றுதான்: ஒருமுறை செய்ததை மறுமுறை செய்து காட்ட வேண்டும்.

அவளால் முடியவில்லை. அதே கூழ், அதே மருந்து, அதே மாதத்து மொட்டு. ஏசி நின்றதால் ஏறிய சூடுதான் காரணமோ என்று, வேண்டுமென்றே சூட்டில் வைத்துப் பிறகு குளிரில் வைத்தாள். நூற்றுக்கணக்கில் வைத்தாள். எல்லாவற்றிலும் கட்டி திரண்டது, பழுத்தது, கறுத்தது. ஒரு வேர்கூட இல்லை. தொண்ணூற்றாறு தொடக்கத்தில், குழாய்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தவள் எழுதுவதை நிறுத்தினாள். அந்த மே மாதம் தானே உட்கார்ந்து மறுபடி எழுதிய எண்கள் ஞாபகத்துக்கு வந்தன. விதைத் தட்டும் இந்தத் தட்டும் குளிர் அறையில் ஒரே மேசையின் மேல் இருந்தன. யார் எதை எங்கே வைத்தோம் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் தெரியவில்லை. சாராளைக் கேட்டாள். சாராள், "கைக்கு வந்த எடத்துல வெச்சம் கண்ணு. அன்னைக்கு இருந்த அவசரம் உனக்குத் தெரியாதா" என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். எவரும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளால் சோறு உண்ண முடியவில்லை. அதே வளாகத்தில் மரபியல் பிரிவில் இலைச் சாற்றை எடுத்து, ஜெல் என்கிற மெல்லிய பசைத் தகட்டில் ஓடவிட்டு, அதில் விழும் கோடுகளை ஒப்பிட்டு, இரண்டு மரமும் ஒன்றா வேறா என்று பார்க்கிற சோதனை செய்துகொண்டிருந்தார்கள். அவள் டாக்டரிடம் சொல்லாமல் கோத்தகிரிக்குப் போனாள். பதினேழாம் நம்பர் மரத்திலிருந்து கொஞ்சம் இலை, கூண்டுச் செடியிலிருந்து கொஞ்சம் இலை. மரத்தடியில் காவலர் இலை வெட்டி இறங்கும் வரை காத்து நின்றாள். முந்தின மழைக்கு முளைத்த பைன் கன்றுகள் அங்கே புல்லோடு புல்லாக நிறைய இருந்தன. மரம் தானாக உதிர்த்த விதைகளிலிருந்து வந்தவை. அவற்றின் இலையும் ஒற்றை ஒற்றையாக, மெத்தென்று இருந்தது. காவலர் இறங்கி வந்து, காலை எங்கே வைப்பது என்று பார்க்காமல், அவற்றை மிதித்துக்கொண்டு நடந்தார்.

ஜெல்லில் கோடுகள் நீல நிறத்தில் தெரிந்தன. பெரும்பாலான கோடுகள் இரண்டுக்கும் ஒத்துப்போயின. ஒரு கோடு மட்டும் செடியில் இருந்தது, மரத்தில் இல்லை. மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் அந்தக் கோடு அங்கேயே நின்றது. வேறு ஏதோ ஒரு மரத்தின் மகரந்தம் கொண்டுவந்த கோடு அது. அந்தச் செடி பதினேழாம் நம்பர் மரம் இல்லை, அதன் விதையிலிருந்து வந்தது. மரத்தடியில் அன்று மிதிபட்ட கன்றுகளுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

மறுநாள் டாக்டரின் அறைக்குப் போய் ஜெல்லை மேசையில் வைத்தாள். என்ன நடந்திருக்கும் என்று சொன்னாள், எண்களை எழுதியது தான்தான் என்பதையும் சேர்த்து. அவர் ஜெல்லை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"இதைச் செய்யாமலே இருந்திருக்கலாமேம்மா" என்றார்.

"இருக்க முடியலைங்க சார்."

"எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ்." அதைச் சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போல ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில், "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் மறைத்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் மறைக்கவில்லை. அந்த வாரமே, தவறு நேர்ந்தது, மாநாட்டில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி அனுப்பினார். தவறு தன் சோதனைச்சாலையில் நடந்தது என்று எழுதினார், அவள் பெயரைச் சொல்லவில்லை. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். திட்டம் அந்த வருஷத்தோடு முடிந்தது. வர வேண்டியிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டபோது அவர் இரண்டு வார்த்தை பேசி உட்கார்ந்துவிட்டார். உடுமலைப்பேட்டைக்குப் போனவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

நிசாவின் பிஎச்.டி. தொங்கி நின்றது. ஐந்து வருஷம் செய்தும் வேர் வரவில்லை என்பதை வைத்து எவரும் பட்டம் கொடுக்க மாட்டார்கள். டாக்டரின் இடத்துக்குப் புதிதாக வந்தவர் ஆராய்ச்சித் தலைப்பை மாற்றி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அவளுக்கு முப்பது வயதாகப் போகிறது. முதலிலிருந்து தொடங்க ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது. சாராள்தான் பைன் குழாய்களை ஒரேயடியாகக் கொதிகலனில் வைத்துக் கொன்று, கழுவி அடுக்கினாள். ஒன்றை வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துப்போகிறாயா என்று கேட்டாள். நிசா வேண்டாம் என்றாள்.

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் வாழைக்கன்று பெருக்குகிற வேலை கிடைத்தது. வாழை எந்தக் கூழில் வைத்தாலும் வேர் விட்டது. குழாய்க்குள் வேர் நெருங்கிச் சுற்றிக்கொண்டு, பிரித்தெடுப்பதே பாடாக இருப்பதாக அங்கே வேலை செய்த பெண்கள் சலித்துக்கொள்வார்கள். நிசா அவர்களுக்கு மேற்பார்வை. வேலை சுத்தமாக நடந்தது, முதலாளிக்குக் குறையில்லை. காலையில் வண்டி வந்து ஏற்றிப்போகும், மாலையில் கொண்டுவந்து விடும். தொண்ணூற்றேழு கடைசியில் கலவரமும் அடுத்த பிப்ரவரியில் குண்டுவெடிப்புகளும் ஊரில் நடந்த பிறகு வண்டி கோட்டைமேட்டுக்குள் வருவது நின்றது. தெருமுனைக் காவல் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு, டவுன்ஹால் வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய் வந்தாள். பல மாதம் அப்படியே கழிந்தது. அவளைப் பெண் கேட்டு வெளியூரிலிருந்து யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

சோதனை முடிவை அவள் அம்மாவிடம் ஒருநாள் மதியம் சொல்லியிருந்தாள். ஆமினா பீவி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு பாத்தது பொய்யிங்கறயா?"

"பாத்தது வேர்தாம்மா. மரந்தான் வேற."

"வேர்தானே. உடு" என்றாள் அம்மா. மறுபடி அரிசியில் கல் பொறுக்கினாள்.

ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதைச் சொல்வாள். இவளுக்காக எத்தனை சம்பந்தம் தட்டிப்போனது என்று தொடங்கி, அந்த மனுசன் போவதற்கு முன்னால் வேர் விட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று முடிப்பாள். வந்தவர்கள் நிசாவைத் திரும்பிப் பார்த்து, அல்லாஹ் அந்த நிம்மதியையாவது கொடுத்தானே என்பார்கள். நிசா டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். ஒவ்வொரு முறையும் அத்தா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்த விதம் முன்னால் வரும். அவரிடம் இதைச் சொல்லவேண்டி வரவில்லையே என்று ஒரு பக்கம் ஆறுதல்படுவாள். அவரை ஏமாற்றி அனுப்பிவிட்டோம் என்று மறுபக்கம் வருந்துவாள். இரண்டில் எது பெரிது என்று அவளால் ஒருநாளும் தீர்க்க முடியவில்லை.

தொண்ணூற்றொன்பதில் ஒருநாள் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு விவசாயி கம்பெனிக்கு வந்தார். ஈரச் சாக்கில் பலாக்கிளை ஒன்றைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கிணற்றடியில் நின்ற பலாவை முந்தின நாள் யானை சாய்த்துப்போட்டதாம். அவர் தகப்பனார் வைத்த மரம், அந்தச் சுளை போல வேறெங்கும் கிடையாது என்றார். வாழையைப் பாட்டிலில் செய்கிறீர்களே, இதையும் செய்து கொடுங்கள் என்றார்.

"ஏனுங்க, ஒரே ஒரு மரம் வந்தாலும் போதுமுங்க."

நிசா கிளையைப் பிரித்துப் பார்த்தாள். இலை இன்னும் வாடவில்லை. முதலாளி பக்கத்தில்தான் நின்றார், முயன்று பார்க்கலாமே என்று அவர் வாய் திறப்பதற்குள், "முடியாதுங்க. வயசான மரம், பாட்டில்ல வேர் புடிக்காதுங்க" என்றாள்.

"செஞ்சு பாத்திருக்கறீங்களா?"

"பலாவுல இல்லீங்க. வேற மரத்துல, அஞ்சு வருசம்."

தோட்டக்கலைப் பண்ணைக்கு இன்றைக்கே எடுத்துப் போய் ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள், இலை வாடிவிட்டால் அதுவும் ஆகாது என்று அவள் சொன்னாள். அது பிடிக்குமா என்று அவர் கேட்டார். சொல்ல முடியாது என்றாள். சாக்கை மறுபடி தண்ணீரில் நனைத்துச் சுற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் கைக்குழந்தை போலத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் சாலைக்குப் போய் நின்றார். இரண்டு பஸ் நிற்காமல் போனது. மூன்றாவதில் ஏறினார். ஒட்டு பிடித்ததா இல்லையா என்று சொல்ல அவர் திரும்பி வரவில்லை. நிசா கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், அன்றைக்குப் பிரிக்க வேண்டிய வாழைக் குழாய்களை எடுத்து வைத்தாள்.